கற்றல் விளைவு அடையப்பட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வது? (ஏழாம் வகுப்பு, தசம எண்கள்)

கேள்வி: ஏழாம்வகுப்பு_கணக்கு

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 34 பேர் படிக்கிறார்கள். இரண்டாம் பருவத்தில் தசம எண்கள் பாடத்தை முடித்ததும் வழக்கம்போல 20 மதிப்பெண்ணுக்கு ஒரு சிறுதேர்வு வைத்தேன். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, அது எந்தக் கற்றல் விளைவை, அதாவது பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய எந்தத் திறனை, சோதிக்கிறது என்று எழுத வேண்டும் எனக் குறுவளமையக் கூட்டத்தில் (அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) சொல்லியிருந்தார்கள். அதன்படியே எழுதினேன். ஆனால் மறைக்காமல் சொல்வதென்றால், வினாக்களை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, விளைவுகளைப் பிறகுதான் தேடிப் பொருத்தினேன். 'தசம எண்களை ஒப்பிடுவர்' என்ற விளைவுக்கு எதிரே நான்கு வினாக்கள் அமைந்தன. 34 பேரில் 29 பேர் அவற்றுள் மூன்றையாவது சரியாகச் செய்திருந்ததால், அந்த விளைவு அடையப்பட்டுவிட்டது என்று பதிவேட்டில் எழுதி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி விளையாட்டு விழாவுக்காக நீளம் தாண்டுதல் பயிற்சி நடந்தது. தேர்வில் 18 மதிப்பெண் வாங்கிய மாணவன் ஒருவனை அளவு குறிக்க நிறுத்தியிருந்தேன். ஒருவன் 3.6 மீட்டர் தாண்டினான், இன்னொருவன் 3.35 மீட்டர். குறிப்பவன் 3.35-ஐ முதலிடத்தில் எழுதிவிட்டு, "முப்பத்தஞ்சு ஆறைவிடப் பெரிசுதானே டீச்சர்" என்றான். சுற்றி நின்றவர்களில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. 3.6 தாண்டியவன் மட்டும், கணக்கை வைத்து அல்ல, மணலில் பதிந்த தன் குதிகால் தடத்தைக் காட்டிச் சண்டை பிடித்தான்.

அன்று முதல் எனக்கு என் பதிவேட்டின்மீதே நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. விளைவு அடிப்படையிலான மதிப்பீடு என்பது வினாத்தாளின் ஓரத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுவதா, அல்லது நான் பாடம் நடத்தும் முறையே மாற வேண்டுமா? மாற வேண்டுமென்றால், ஏற்கெனவே வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று மதிப்பெண் பதிந்துகொண்டிருக்கும் நான், இதற்காக இன்னொரு பதிவேட்டையும் தூக்கிச் சுமக்காமல் எப்படிச் செய்வது? அடையாதவர்களை வைத்துக்கொண்டு பருவத்துக்குள் பாடத்தை எப்படி முடிப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பழைய_பயிற்றுநர்

வணக்கம் டீச்சர். வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகச் சில ஆண்டுகள் இருந்து, பின் பள்ளிக்கே திரும்பி, இப்போது ஓய்வு பெற்றிருப்பவன் நான். நீங்கள் செய்ததைத்தான் நான் பயிற்சி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் செய்தார்கள். பயிற்சி கொடுத்த நானும் என் வகுப்பில் அதைத்தான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2017-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தொடக்கநிலை வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டு, கற்றல் விளைவுகளுக்கு அதில் இடம் தரப்பட்டது. நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு அந்த விளைவுகளை வைத்தே கேள்விகளை அமைத்தது. அதற்குப் பிறகுதான் 'பாடம் முடிந்ததா' என்ற கேள்வியோடு 'பிள்ளைக்கு வந்ததா' என்ற கேள்வியும் அலுவலக மொழிக்குள் நுழைந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அது பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, எழுத வேண்டிய ஒரு கட்டமாகச் சுருங்கிவிட்டது.

உங்கள் நான்கு வினாக்களை நான் பார்க்கவில்லை. ஆனால் 12.34, 12.43 போன்ற இணைகளாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். புள்ளிக்குப் பின் இரு எண்களிலும் ஒரே அளவு இலக்கங்கள் இருந்தால், புள்ளியை அடியோடு மறந்துவிட்டு 1234, 1243 என்று படிக்கிற பிள்ளைக்கும் சரியான விடையே கிடைக்கும். உங்கள் மாணவன் அந்தத் தேர்வில் பிழையே செய்யவில்லை. அவனுடைய தவறான எண்ணம் வெளியே வருவதற்கு அந்த வினாக்களில் இடமே இல்லை, அவ்வளவுதான். மணலில் வந்துவிட்டது.

இதற்கு மூன்றே மூன்று இணைகள் போதும். முதலாவது 0.6, 0.35. இரண்டாவது 0.4, 0.75. மூன்றாவது 0.5, 0.50. 'நீளமான எண்தான் பெரியது' என்று நினைக்கிற பிள்ளை முதல் இணையில் 0.35 என்று தவறாகவும், இரண்டாவதில் 0.75 என்று சரியாகவும் எழுதும். இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டம் உண்டு. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று நாம் நடத்தியதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, 'இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது' என்று முடிவு கட்டியவர்கள் அவர்கள். முதல் இணையில் அவர்கள் சரியான விடை எழுதி உங்களை ஏமாற்றுவார்கள், இரண்டாவதில் 0.4 என்று எழுதி மாட்டிக்கொள்வார்கள். மூன்றாவது இணையில் இரு கூட்டமுமே தடுமாறும். முதல் இணையை மட்டும் கேட்டிருந்தால் இரண்டாவது கூட்டம் 'அடைந்தோர்' பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. பாடம் தொடங்கும் முன்பே, 'இந்த விளைவை அடைந்த பிள்ளை எதைச் செய்யும், அடையாத பிள்ளை அதே இடத்தில் என்ன செய்யும்' என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியை எழுத முடியவில்லை என்றால், அந்த விளைவைச் சோதிக்கும் வினாவை உங்களால் எடுக்க முடியாது. பாடக்குறிப்பேட்டில் வேறு எதை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளலாம், இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

பதிவேட்டைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில், ஒரு தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு இந்த மாதிரி மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். மதிப்பெண் போட மாட்டேன். துண்டுகளை மேசையில் அடுக்கடுக்காகப் பிரிப்பேன்: சரியானவை ஓர் அடுக்கு, 'நீளமே பெரிது' ஓர் அடுக்கு, 'குட்டையே பெரிது' ஓர் அடுக்கு, பிடிபடாதவை ஓர் அடுக்கு. கை பழகிவிட்டால் 30 துண்டுகளைப் பிரிக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாது. வருகைப் பதிவேட்டின் நகல் ஒன்றில், அடையாத பிள்ளையின் பெயருக்கு நேராக மட்டும் 'நீ' அல்லது 'கு' என்று ஓர் எழுத்து போடுவேன். அடைந்தவர்களுக்கு எதுவும் எழுதுவதில்லை. கூடுதல் எழுத்து வேலை இவ்வளவுதான்.

மறுநாள் இரு கூட்டத்தையும் ஒரே மாதிரி திரும்ப நடத்தக் கூடாது. 'நீ' கூட்டத்துக்கு நூறு கட்டங்கள் வரைந்த தாளில் 0.6-ஐயும் 0.35-ஐயும் வண்ணமிடச் சொன்னால் பெரும்பாலும் போதும். ரூபாய், பைசாவை வைத்து விளக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: இன்றைய பிள்ளைகள் பைசாவைக் கண்ணால் கண்டதில்லை. 0.6 ரூபாய் என்றால் ஆறு பைசா என்று சொல்லி, இருக்கிற குழப்பத்தை இன்னும் உறுதிப்படுத்திக்கொள்வார்கள்.

பதில்: மேல்நிலை_தமிழாசிரியை

ஐயா சொன்ன 'வெளியே வர இடமில்லை' என்பதைப் படித்ததும் எங்கள் பாடத்தில் இருக்கும் ஒரு பழைய புண் நினைவுக்கு வந்தது. கணக்குத் திரியில் தமிழாசிரியைக்கு என்ன வேலை என்று நினைக்காமல் பொறுத்தருள வேண்டும்.

'பாடலின் நயம் பாராட்டுக' என்ற வினா உங்கள் அனைவருக்கும் தெரிந்திருக்கும். கவிதையைச் சுவைக்கும் திறன் என்பதுதான் அதன் விளைவு. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்புகளை முதலில் எழுதி அடிக்கோடிடுகிறார்கள். மோனைக்குக் கீழே 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை' என்றும், எதுகைக்குக் கீழே 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை' என்றும் எழுதிவிட்டு, பாடலிலிருந்து இரண்டு சொற்களை எடுத்துப் போடுகிறார்கள். வினாத்தாளில் எந்தப் பாடலைக் கொடுத்தாலும் இந்த விடையில் முக்கால் பங்கு மாறாது. பாடலையே கொடுக்க மறந்துவிட்டால்கூடச் சிலர் எழுதி முடித்திருப்பார்கள். நாங்களும் தலைப்புக்கு ஒரு மதிப்பெண் என்று எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தோம். விளைவு அடையப்பட்டது!

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே இரண்டு வரி எழுதிக் கரும்பலகையில் போட்டேன்: 'காற்று வந்து கதவைத் தட்டக் / கனவு கலைந்து கண்ணைத் திறந்தேன்.' அதில் 'கதவை' என்பதை அழித்துவிட்டு 'வாசலை' என்று எழுதினேன். பொருளில் பெரிதாக ஒன்றும் கெடவில்லையே, அப்படியானால் என்ன போயிற்று என்று கேட்டேன். நயம் பாராட்டலில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவியால் சொல்ல முடியவில்லை. எழுத்துப் பிழையால் எப்போதும் பாதி மதிப்பெண்ணோடு நிற்கும் ஒருத்தி, "தட்டுற சத்தம் போயிடுச்சும்மா" என்றாள். மோனை என்ற சொல் அவளுக்கு வாயில் வரவில்லை, மோனை செய்யும் வேலை காதில் விழுந்திருந்தது. விளைவை அடைந்தவள் யார்?

ஐயாவின் கருத்தோடு ஓரிடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அடையாத பிள்ளை என்ன செய்யும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது தசம எண்ணுக்குச் சரி, அங்கே பிழைகள் ஒரு சில வகைக்குள் அடங்கிவிடும். 'தட்டுற சத்தம்' என்று ஒரு பிள்ளை சொல்லும் என்பதை எந்தக் குறிப்பேட்டில் நான் முன்பே எழுதியிருக்க முடியும்? இன்னொன்றும் உண்டு. கணக்கிலேயே வாக்கியமாக அமைந்த வினாக்களில், பிள்ளை தடுமாறுவது கணக்கிலா, வாசிப்பிலா என்று பார்க்க வேண்டும். வினாவை நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டியதும் கடகடவென்று செய்துவிடுகிற பிள்ளைக்குக் குறைதீர் கற்பித்தல் தேவைப்படுவது கணக்கில் அல்ல.

பதில்: ஈராசிரியர்_பள்ளி

நீங்கள் அனைவரும் எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர் இருக்கும் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியன் நான். 2022 முதல், அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்து நடத்தி வருகிறோம். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவது என்ற எண்ணம் சரியானது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு அது இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஒரு தாய் என்னிடம் வந்து, "எம்புள்ள எப்ப சார் மொட்டாவான்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலை என்பது அந்த வாரத்துக்கான ஏற்பாடு. அது பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டால் பழைய 'மக்குப் பையன்' என்பதற்குப் பூப்பெயர் வைத்ததாகத்தான் முடியும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு, 1998 முதல் 'பாடத்திட்டம் 2005' என்ற பெயரில் முழுக்க முழுக்க விளைவு அடிப்படையிலான கல்வியைக் கொண்டுவந்தார்கள். எட்டுக் கற்றல் புலங்களுக்கு 66 குறிப்பிட்ட விளைவுகளை வகுத்தார்கள். நோக்கத்தில் குறையில்லை. 2000-இலேயே மறுஆய்வுக் குழு அமைக்க வேண்டி வந்தது. ஆசிரியருக்குப் புரியாத சொற்கள், போதாத பயிற்சி, கைக்கு வராத பாடப் பொருள்கள் என்று அந்தக் குழு குறை சொன்னது. 2010-இல் அந்தக் கல்வி முறையின் முடிவையும் அறிவித்துவிட்டார்கள். ஆள் கொடுக்காமல் அட்டவணை மட்டும் கொடுத்தால் இங்கேயும் அதுதான் நடக்கும் என்பது என் அச்சம். துண்டுத் தாளைப் பிரிக்கும் நேரத்தில் என் பள்ளியில் இன்னொரு வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்.

பதில்: மின்னியல்_விரிவுரையாளர்

பள்ளி ஆசிரியர்கள் நடுவே பொறியியல் கல்லூரிக்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். விளைவு அடிப்படையிலான மதிப்பீடு உச்சத்துக்குப் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோர் எங்கள் துறை அறைக்கு வரலாம்.

2014-இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அந்த உறுப்புரிமைக்கு அடிப்படையே விளைவுகளை வைத்துத் தரச்சான்று அளிப்பதுதான். ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு பாட விளைவுகளை எழுதுகிறோம். அவற்றைப் பட்டப்படிப்பு முழுவதற்கும் வகுத்த விளைவுகளோடு 1, 2, 3 என்று எடை போட்டு இணைக்கிறோம். வினாத்தாளில் ஒவ்வொரு வினாவுக்கு எதிரேயும் பாட விளைவின் எண்ணும், அது நினைவுகூர்தலா, பயன்படுத்தலா, பகுத்தாய்தலா என்ற சிந்தனைப் படியும் அச்சாகியிருக்கும். தேர்வு முடிந்ததும் கணினி அட்டவணை ஒன்று, இந்தப் பாடத்தின் அடைவு 2.17 என்று இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாகச் சொல்லும்.

அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பல்கலைக்கழகத் தேர்வுத் தாள் எங்கள் கையில் திருத்தப்படுவதில்லை. இணைப்புக் கல்லூரிகளுக்கு மாணவரின் தரக்குறியீடு மட்டுமே வந்து சேரும். எந்த வினாவுக்கு எத்தனை மதிப்பெண் என்பது வராது. எனவே அந்த ஒரே குறியீட்டை ஐந்து விளைவுகளுக்கும் சமமாகப் பரப்பி எழுதுகிறோம். மாணவர் முதல் அலகை மட்டும் படித்துத் தேறினாரா, ஐந்தாவதை மட்டும் படித்துத் தேறினாரா என்பது அந்த அட்டவணைக்குத் தெரியாது.

ஒரு முறை, மின்சுற்றுப் பாடத்தில் மிக உயர்ந்த அடைவு காட்டிய குழுவை அடுத்த பருவத்தில் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். மின்னழுத்தத்தை அளக்கச் சொன்னதும் ஒரு மாணவர் பல்நோக்கு அளவியை (மல்டிமீட்டர்) மின்னோட்டம் அளக்கும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, மின்வழங்கியின் இரு முனைகளிலும் கம்பியை வைத்துவிட்டார். அளவியின் உருகி (ஃபியூஸ்) போயிற்று. மின்சுற்றுகளுக்கான கிர்க்காஃப் விதியை வரி மாறாமல் சொல்லக் கூடியவர் அவர். மின்னோட்டம் அளக்கும்போது அளவியின் மின்தடை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதை அவர் படித்திருந்தார், ஆனால் அது கைக்கு இறங்கவில்லை. இப்போது நான் செய்வது, சுற்றைக் கையில் கொடுத்து, அளப்பதற்கு முன்பே 'இங்கே எவ்வளவு காட்டும், ஏன்' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது. ஆளுக்கு மூன்று நிமிடம். அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது, கட்டம் கேட்கவும் எனக்கு மனமில்லை.

டீச்சர், உங்கள் 'நீ', 'கு' தாளை எக்காரணம் கொண்டும் விழுக்காடாக மாற்றி மேலே அனுப்பிவிடாதீர்கள். அனுப்பத் தொடங்கிய மாதத்திலிருந்தே எல்லாரும் அடைந்துவிடுவார்கள்.

பதில்: பழைய_பயிற்றுநர்

தமிழம்மா சொன்னது சரி. என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்: பிழையின் வகைகள் தெரிந்த பாடத்தில் முன்பே எழுதிக்கொள்ளலாம், தெரியாத பாடத்தில் காதைத் திறந்து வைத்துக்கொள்வதே வழி. தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஈடான பதில் என்னிடம் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒரு விளைவு என்று வைத்துக்கொண்டால் முடியுமா என்று பாருங்கள். எல்லா விளைவையும் மதிப்பிட வேண்டும் என்று ஆசைப்படுவதைவிட, அடுத்த பாடம் எதன்மேல் ஏறி நிற்கிறதோ அதை மட்டும் மதிப்பிடுவது மேல்.

கேள்வி கேட்டவர்: ஏழாம்வகுப்பு_கணக்கு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா ஊகித்தது சரிதான். என் நான்கு வினாக்களிலும் புள்ளிக்குப் பின் இரண்டிரண்டு இலக்கங்களே இருந்தன. புத்தகப் பயிற்சியிலிருந்து எடுக்கும்போது நானே அறியாமல் அப்படிப்பட்டவற்றையே பொறுக்கியிருக்கிறேன்.

நேற்று முன்தினம் அந்த மூன்று இணைகளையும் துண்டுத் தாளில் கேட்டேன். ஒருவர் வரவில்லை. 15 பேர் மூன்றையும் சரியாக எழுதினர். 11 பேர் 'நீ' அடுக்கிலும் 4 பேர் 'கு' அடுக்கிலும் விழுந்தனர். மூவரின் விடையில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. 29 பேர் அடைந்ததாக எழுதிய அதே விளைவுதான் இது. 'கு' அடுக்கில் இருந்தவர்களில் ஒருத்தி, வகுப்பில் முதலில் கை தூக்கும் பெண்.

நேற்று 'நீ' கூட்டத்தை மீட்டர் அளவுகோலோடு உட்கார வைத்தேன். 0.6 மீட்டரையும் 0.35 மீட்டரையும் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டச் சொன்னதும் பதினொரு பேரும் சரியாகச் சொன்னார்கள், நீளம் தாண்டுதலில் குறிப்பெடுத்தவன் உட்பட. மகிழ்ச்சியோடு அளவுகோலை எடுத்து வைத்துவிட்டு, மீட்டர் என்ற சொல்லே இல்லாமல் 0.7, 0.42 என்று கரும்பலகையில் எழுதினேன். ஐந்து பேர் மறுபடியும் 0.42 என்றார்கள். மீட்டர் இருந்தால் தெரிகிறது, எடுத்துவிட்டால் போய்விடுகிறது. ஐயா சொன்ன நூறு கட்டத் தாளை அந்த ஐவருக்கும் நாளை கொடுக்கப் போகிறேன். அவர்கள் பெயருக்கு நேராக 'நீ' என்றும் எழுத முடியவில்லை, வெறுமனே விடவும் முடியவில்லை. இப்போதைக்கு 'மீ' என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் பருவத்தில் தசம எண்களைக் கூட்டிக் கழிக்கத் தொடங்கும் முதல் நாளில், இதே மூன்று இணைகளை எண்களை மட்டும் மாற்றி மறுபடி கேட்பேன்.